மெத்தையைத் தூக்கிப் போடாதே கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பத்துத் தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். மூன்று நாளாக நாற்காலியில்தான் தூங்குகிறேன், மெத்தையை வாசலில் போடப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. போனில் பேசினால் பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். மெத்தையைத் தூக்கிப் போடாதே. ஸ்ப்ரே எதுவும் வாங்காதே. உன் படத்தில் இருப்பது மூட்டைப்பூச்சி இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அம்மா சொன்னாள் என்பதற்காக நம்ப வேண்டாம், ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன், நீயே பார்த்து உறுதி செய்துகொள்.

27 வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். இரும்புக் கட்டில், பிளைவுட் பலகை, பஞ்சு மெத்தை, டிரங்குப் பெட்டி, ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வருகிற பிள்ளைகள். மூட்டைப்பூச்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கட்டில் காலும் சட்டமும் சேருகிற மூலையில் டார்ச் அடித்தால் கூட்டமாக ஒண்டியிருக்கும். வளர்ந்தது ஓர் ஆப்பிள் விதை அளவு, கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். முட்டை வடிவம், செம்பழுப்பு நிறம், ஆறு கால். பசியோடு இருக்கும்போது காகிதம் மாதிரி தட்டையாக இருக்கும், ஏ.டி.எம். கார்டு நுழைகிற இடுக்கில் அதுவும் நுழைந்துவிடும். ரத்தம் குடித்ததும் நீண்டு உருண்டு கருஞ்சிவப்பாகிவிடும். உடம்பில் குறுக்கே வரிவரியாக இருக்கும். பறக்காது, குதிக்காது, நடக்க மட்டும்தான் தெரியும். குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர்தான், எள்ளை விடச் சிறியது, கிட்டத்தட்ட நிறமே இருக்காது, வெள்ளை விரிப்பில் கண்ணுக்கே படாது, ரத்தம் குடித்த பிறகு வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். ஆனால் குஞ்சோ பெரியதோ, உருவம் ஒன்றுதான். புழு மாதிரி ஒரு பருவம் அதற்குக் கிடையவே கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

இப்போது உன் படத்துக்கு வா. அதில் இருப்பது புழு. நீளவாக்கில் இருக்கிறது, பழுப்பும் வெளிர்பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கிறது, உடம்பெல்லாம் முடி, பின்பக்கம் கொஞ்சம் அகலம், வாலில் குச்சம் மாதிரி ஒரு கொத்து. மூட்டைப்பூச்சிக்கு இப்படி முடி இருக்காது. நீ வைத்திருப்பது கம்பள வண்டின் புழு. இங்கிலாந்தில் தரையெல்லாம் கார்ப்பெட் போட்ட வீடுகளில் இது சாதாரணம். கம்பளி, பட்டு, இறகு, உதிர்ந்த தலைமுடி, செத்த பூச்சி, இவைதான் அதற்குச் சாப்பாடு. பரணில் பழைய பறவைக் கூடு இருந்தால் அங்கிருந்தும் இறங்கி வரும். போன வாரம் ஜன்னல் திட்டில் குட்டிக் குட்டியாக உருண்டை வண்டு கிடக்கிறது, வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி வைத்திருக்கிறது என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? அதுதான் இதன் தாய். வசந்த காலத்தில் பூவைத் தேடி வெளிச்சத்துக்கு வரும், மகரந்தம்தான் சாப்பிடும்.

அப்படியென்றால் கையில் ஏன் தடிப்பு என்று கேட்பாய். அந்தப் புழுவின் முடி உதிர்ந்து படுக்கையில் கிடந்தால் சிலருக்கு அரிக்கும், தடிக்கும், பார்க்க அசல் கடி மாதிரியே இருக்கும். உனக்குச் சின்ன வயதில் கம்பளிப்பூச்சி பட்டு முழங்கை வீங்கியது, உன் தோல் அப்படிப்பட்டது.

தடிப்பை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விடுதியில் ஒரு வருஷம் முதலாண்டுப் பிள்ளை ஒருத்தி கையெல்லாம் தடிப்போடு வந்து நின்றாள். அதே அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. மூட்டைப்பூச்சி இருந்தால் மூன்று பேரையும்தானே கடிக்கும் என்று நினைத்து, கொசுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கட்டிலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அறை மாற்றுவதற்காகப் பலகையைத் தூக்கியபோது அடியில் கருப்புக் கருப்பாகப் புள்ளி, உரித்த தோல், ரவை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த முட்டை, எல்லாமே இருந்தன. மூன்று கட்டிலிலும். மூன்று பேரையும்தான் கடித்திருக்கிறது, மற்ற இருவருக்கும் தோலில் காட்டவில்லை, அவ்வளவுதான். சிலருக்குக் கடித்த அன்றே தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்து, சிலருக்குத் தடிப்பே வராது. அந்த ஒன்றரை மாதமும் அவள்தான் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்துவிட்டாள் என்று பேசி, பந்தியில்கூட அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பிள்ளை முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை கண்ணு. வரிசையாக மூன்று கடி இருந்தால் மூட்டைப்பூச்சி என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே.

அதனால் பூச்சியைப் பார், அது விட்டுப்போன தடத்தைப் பார். இன்றைக்கே செய். விரிப்பை மெதுவாக எடு, உதறாதே. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மெத்தையின் ஓரத் தையல் முழுக்க ஒரு பழைய கார்டால் கீறிக்கொண்டே போ. தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், கட்டில் திருகாணி ஓட்டை, சுவரோரம் கார்ப்பெட் முடிகிற விளிம்பு, பிளக் போர்டின் ஓரம், இதையெல்லாம் விட்டுவிடாதே. கருப்புப் புள்ளி இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் தேய். மூட்டைப்பூச்சி எச்சம் செரித்த ரத்தம், துருப்பிடித்த மாதிரி பழுப்பாக இழுக்கும். தூசியாக இருந்தால் அப்படி இழுக்காது. நிறைய இருந்தால் அறையிலேயே ஒரு வாடை அடிக்கும், அழுகின கொத்தமல்லி மாதிரி. நகர்கிற எது கிடைத்தாலும் நசுக்காதே, செல்லோ டேப்பில் ஒட்டி வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு பென்னி காசையும் வைத்துப் படம் எடு. உன் போன படத்தில் அளவு தெரியாமல்தான் கொஞ்சம் திணறினேன்.

தேடும்போது வேறு சிலதும் கண்ணில் படலாம், பதறாதே. ஜன்னலுக்குக் கீழே ஈரம் கசிகிறது என்றாயே, அங்கே வெளிறிப்போய் மெத்தென்று ஊசிமுனை மாதிரி ஊர்ந்தால் அது புத்தகப் பேன், பூசணத்தைத் தின்னும், கடிக்காது. கரப்பான் குஞ்சாக இருந்தால் மீசை நீளம், வெளிச்சம் பட்டதும் பறந்தடித்து ஓடும். குதித்தால் தெள்ளுப்பூச்சி, பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும், பெரும்பாலும் கணுக்காலில்தான் கடிக்கும், பூனை நாய் இருக்கிற வீட்டில் வரும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். உன் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திற. தீபாவளிக்குக் கட்ட வேண்டும் என்று எடுத்துப்போன அரக்குப் பட்டுப்புடவை அதில்தானே இருக்கிறது? எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார், சின்னச் சின்ன ஓட்டையோ, முடியோடு காய்ந்த சட்டை மாதிரி உரித்த தோலோ இருந்தால் புழு அங்கேதான் குடியிருந்திருக்கிறது. ஓட்டை இருந்தாலும் வருத்தப்படாதே, போனால் போகட்டும். புடவையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் 18 டிகிரி மைனஸில் இரண்டு வாரம் வைத்துவிடு. அருங்காட்சியகங்களில் பழைய துணியை இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். அப்புறம் கார்ப்பெட் ஓரம், கட்டிலடி, ரேடியேட்டருக்குப் பின்னால் எல்லாம் வாக்குவம் போட்டு, பையை உடனே வெளியே குப்பையில் போடு. வாரம் இரண்டு தடவை செய்தால் குறையும், ஒரே நாளில் போகாது, புழுப் பருவமே பல மாதம் நீளும்.

ஒருவேளை நான் சொன்னது தப்பாகி, தையலில் நிஜமான மூட்டைப்பூச்சியே இருந்தாலும் இடிந்துபோகாதே. அது நோய் பரப்புவதாக யாரும் நிரூபிக்கவில்லை. விரிப்பு, துணியெல்லாம் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரியில் துவை, இல்லையென்றால் டிரையரில் நல்ல சூட்டில் அரை மணி நேரம் ஓட்டு. வீட்டுக்காரருக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவி, பூச்சி மருந்துக்கு ஆள் அனுப்பச் சொல். ஒரு தடவை அடித்து நிற்காது, முட்டை பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் திரும்ப வரச் சொல்ல வேண்டும். நீயாகப் புகை டப்பா வாங்கி அடித்தால் இடுக்குக்குள் மருந்து போகாது, சிதறி அடுத்த அறைக்கு ஓடும். இப்போதைய பூச்சிகளில் நிறைய அந்த மருந்துக்குப் பழகியும் போய்விட்டன. நாற்காலியில் தூங்குவதும் வேண்டாம், ஆளைத் தேடி அங்கேயும் வரும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று உன் அம்மாயி அடிக்கடி சொல்வார்கள். மெத்தையைத் தெருவில் போட்டாலும் கட்டில் இடுக்கில் இருப்பது அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்று, கூட இருக்கிற பிள்ளைகளிடம் மறைக்காதே. உன்னை அழுக்கு என்று நினைப்பார்கள் என்று பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். 2023இல் பாரிஸில் மெட்ரோ, சினிமா தியேட்டர் வரைக்கும் மூட்டைப்பூச்சிப் பேச்சாகவே இருந்தது, நீயே எனக்கு வீடியோ அனுப்பினாய். சுத்தமான வீடா அழுக்கு வீடா என்று அது பார்ப்பதில்லை, ஆள் படுக்கிற இடமா என்று மட்டும்தான் பார்க்கும். நீ சொன்னால் அவர்களும் தங்கள் மெத்தையைப் பார்ப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருந்தால் நீ எடுக்கிற படங்களைக் காட்டி, அம்மா பார்க்கச் சொன்னாள் என்று என்மேல் போட்டுவிடு.

வேலை முடிந்து வந்ததும் முதலில் எதையாவது சாப்பிடு, அப்புறம் டார்ச்சை எடு. உனக்குச் சாயங்காலம் ஆறரை என்றால் எனக்குப் பதினொன்று, அதுவரை விழித்திருப்பேன். முதலில் புடவைப் படம், அப்புறம் மெத்தைத் தையல், காசு வைத்து. பார்த்துவிட்டு உடனே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா