40 லிட்டர் என்றால் எத்தனை உயரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பயணச் சிறப்பிதழில் முதுகுப் பை வாங்குவது பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதில் ஒரு வரி: "40 லிட்டர் பை எந்த விமானத்திலும் கையோடு போகும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். திருச்சி விமான நிலையத்தில்தான் கண் திறந்தது.

மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். கவுன்டரில் இருந்த பெண் ஓர் இரும்புச் சட்டத்தைக் காட்டி, "இதுக்குள்ள வைங்கம்மா" என்றாள். பை இறங்கியது, தலை மட்டும் மூன்று விரல் வெளியே நின்றது. முதுகுப் பக்கம் அலுமினியப் பட்டை வைத்துத் தைத்த பை, அழுத்தினால் மடங்குமா? போதாததற்கு முன் பாக்கெட்டில் எங்கள் செட்டிநாட்டுப் பலகாரமான மணகோலம் அடைத்த சம்படம் வேறு, பிள்ளைத்தாச்சி மாதிரி தள்ளிக்கொண்டிருந்தது. எடை போட்டால் 8.6 கிலோ. அனுமதி 7. எனக்குப் பின்னால் இருபது பேர் நிற்க, தரையில் உட்கார்ந்து சீப்புச் சீடையையும் மாவுருண்டையையும் வெளியே எடுத்து வைத்த காட்சியை உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் பையை லக்கேஜில் போட நான் கட்டிய பணத்துக்கு இன்னொரு பையே வாங்கியிருக்கலாம்.

மகன் வீட்டில் டேப் வைத்து அளந்தோம். உயரம் 62 செ.மீ., அகலம் 30, கனம் 22. பெருக்கினால் 40 லிட்டர் சொச்சம், லேபிள் பொய் சொல்லவில்லை. அந்த விமானத்தில் கைப்பைக்கு அனுமதித்த அளவு 56, 36, 23. அதைப் பெருக்கினால் 46 லிட்டர். அதாவது கணக்குப்படி என் பை சின்னது, ஆனால் சட்டத்துக்குக் கணக்குத் தெரியாதே! நம் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 55, 35, 25 என்கிறார்கள், அதிலும் இது போகாது. வெறும் பையே 1.9 கிலோ, மீதி ஐந்து கிலோவில் புடவையா பலகாரமா என்று நான் முடிவு செய்ய வேண்டுமாம். இதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாததா என்ன, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்திருந்தால் போதும்.

எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனபோது தேக்குப் பெட்டியோடு போனார், யாரும் சட்டத்துக்குள் வைக்கச் சொல்லவில்லை. சரி, அது அந்தக் காலம்.

அதே கட்டுரையில் "வீட்டிலேயே எடை பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் முன்பு கிளம்பினால் போதும்" என்று வேறு ஒரு யோசனை. சென்னையில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் தோன்றும். எங்களுக்குத் திருச்சியானாலும் மதுரையானாலும் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்கிய ஓடுதளம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத உங்களுக்கு இடம் கிடைக்காது. செட்டிநாடு என்றால் உங்களுக்குக் கோழியும் மிளகும், அப்புறம் தூண் வைத்த வீட்டின் படமும். மூன்று வருடம் முன்பு தீபாவளி மலரில் மணகோலத்தை 'மணக்கோலம்' என்று போட்டு, பக்கத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தையும் போட்டீர்கள். அன்றே கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பலகாரம் எது, பெண் எது என்று தெரியாதவர்களிடம் பை எது என்று கேட்டது என் தப்புத்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஓரமாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: லிட்டரைப் பார்க்காமல் உயரம், அகலம், கனம் மூன்றையும் சாமான் அடைத்த பிறகு அளக்க வேண்டும், வெறும் பையின் எடையையும் பார்க்க வேண்டும் என்று. நாலு வரிதான். கூடவே, மணகோலத்தில் 'க்' கிடையாது என்பதையும் சேர்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகி ஒருத்தி