திண்ணையை இடிக்க வேண்டாம், அப்பா

லா கூர்நெவ், பாரிஸ் அருகே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். எனக்குப் பள்ளி கான்டீன் வேலை பழகிவிட்டது. குளிர்தான் இன்னும் பழகவில்லை. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் தம்பி குறுக்கே புகுந்துவிடுகிறான், அதனால் எழுதுகிறேன். திண்ணையை இடித்து, ஷட்டர் போட்டு, வாடகைக்கு விடலாம் என்று கொத்தனார்வரை பேசியாகிவிட்டதாமே. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் டிராம் ஓடுகிறது. எதிர்வீட்டுப் பிரெஞ்சுப் பாட்டி அதில் ஏறும்போதெல்லாம் தன் அம்மாவைப் பற்றிச் சொல்வார். அந்த அம்மா பாரிஸுக்குள் வேலைக்குப் போனது டிராமில்தான். அப்புறம் காருக்கும் பஸ்ஸுக்கும் இடைஞ்சல் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, 1937-இல் நகருக்குள் ஒரு டிராம்கூட இல்லாமல் செய்துவிட்டார்கள். தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். 1992-இல் எங்கள் பகுதியில் மறுபடி பதித்தார்கள். பிடுங்கியதைத் திரும்ப வைக்க ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது, அப்பா.

சேன் ஆற்றங்கரையிலும் இதே கதைதான். 1967-இல் கரையை ஒட்டிக் கார்களுக்கு வேகப் பாதை போட்டார்கள். 2016-இல் அதே பாதையில் கார் வரக்கூடாது என்றார்கள். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் புளிசாதம் கட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருகிறோம். நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் எப்படி இருக்கும், அதே மாதிரி.

போன மாதம் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். பாரிஸ் நகரத்தின் கதையைச் சொல்லும் இடம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. ஒரு கூடம் முழுக்கப் பழைய கடைப் பலகைகள். எழுத்துத் தெரியாதவரும் கடையைக் கண்டுபிடிக்க உருவமாகவே செய்து மாட்டியவை. ராஜா சிம்மாசனம் இல்லை, தெருவில் தொங்கிய தகரமும் மரமும்! அதைக் கண்ணாடிபோல் காக்கிறார்கள். 1913 ஜனவரிவரை இந்த ஊரில் குதிரை பஸ் ஓடியது என்று சின்னவளிடம் சொன்னேன். "நம்ம ஊரில் என்ன ஓடிச்சு?" என்றாள்.

புஷ்புஷ் வண்டி என்றேன். ஆயா சொன்னதை அப்படியே சொன்னேன். முன்னால் உட்கார்ந்தவர் கையில் திருப்பும் கம்பி இருக்கும், பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். துய்ப்ளே வீதியில் தன் அம்மா மடியில் உட்கார்ந்து போனதை ஆயா எத்தனை தடவை சொல்லியிருக்கும்! நேரு வீதி என்ற இப்போதைய பெயர் கடைசிவரை அதன் வாயில் வரவேயில்லை. தள்ளிய ஆளின் மூச்சிரைப்பு காதில் கேட்டுக்கொண்டே வரும் என்றும் சொல்லும். அந்த வண்டி போனதற்கு எனக்கு வருத்தமில்லை. மனுஷனை மனுஷன் தள்ளியது போகட்டும்.

ஆனால் திண்ணை யாரை வருத்தியது? மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிற ஜனங்கள் அதில்தான் கால் ஆற்றினார்கள். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்த இடம் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தா பென்ஷன் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, தெருவில் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் பிரெஞ்சு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். இங்கே எங்கள் கட்டடத்தில் ரகசிய எண் அழுத்தினால்தான் கதவே திறக்கும். வாசலில் அறியாதவர் ஒருவர் உட்கார இடமே இல்லை.

வைசியாள் வீதியைப் பாருங்கள். வீடுகளைத் திண்ணையும் தாழ்வாரமுமாகப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நம் வீட்டில் அந்த இரண்டும் இன்னும் நிற்கின்றன.

வாடகைப் பணம் தேவைதான், எனக்குத் தெரியும். ஷட்டருக்கு என்ன வாடகை வரும் என்று தம்பியைக் கேட்டு எழுதுங்கள். அதை மாதாமாதம் நான் அனுப்புகிறேன். தாழ்வாரத்தில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, தெற்குத் தூணின் அடியில் கரையான் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பர்மாத் தேக்குத் தூண், மேலே நன்றாகத்தான் இருக்கும். அடியை மட்டும் மாற்ற ஒரு நல்ல ஆசாரியை விசாரியுங்கள். ஜூலையில் பிள்ளைகளோடு வருகிறேன். அதுவரை கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் மகள்