புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்

லண்டன், ஒன்ராறியோ
மாசி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள், அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன்.

கடிதமும் தொதலும் வந்து சேர்ந்தன. மச்சாளின் தம்பி ரொறன்ரோவில் ஒருவரிடம் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, என் கைக்கு வர மூன்று கிழமை. தொதல் செங்கல்லாகிவிட்டது. மைக்ரோவேவில் இருபது விநாடி வைத்தால் இளகுகிறது, கஜுவும் மணக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று வைத்திருக்கிறேன்.

ஐந்து மாதமாக ஏன் எழுதவில்லை என்று அம்மா கேட்கச் சொன்னாவாம். பிழைதான். ஃபோனில் கதைக்கிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் ஃபோன் எடுத்தால் உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். எல்லோருக்கும் சாப்பிட்டியா, குளிரா என்ற இரண்டு கேள்விதான். சாப்பிட்டேன். குளிர்தான். போன கிழமை மைனஸ் இருபது. மூச்சிழுத்தால் மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து முள்ளுக் குத்துகிற மாதிரி இருக்கும். என் அறை நிலத்துக்குக் கீழே என்பதால் ஒரு வசதி: யன்னல் தரைமட்டத்தில் இருக்கிறது, பனி கொட்டினால் மூடிக்கொள்ளும், வெளிச்சம் வராது, நல்ல நித்திரை. வேலையும் பரவாயில்லை. இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள். நன்றாக ஓய்வெடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில், சின்னவளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதைப் பற்றி எழுதிவிட்டு, ‘பின்வளவில நிக்கிற அப்பாட எண்ணெய் மெசினையும் எடுக்கணும், பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துட்டுப் போனார், கிலோக் கணக்கில எடுப்பாராம்’ என்று ஒரே ஒரு வரி. அப்பா கடையில் மண்ணெண்ணெய் அளந்து விற்ற அந்தப் பம்பையா? அக்கா, இந்தக் கடிதம் வந்து சேரும் முன் கொடுத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் தபாலில் போடுகிற அன்றே இதைப் படம் பிடித்து அத்தானுக்கும் அனுப்புகிறேன்.

அடுத்த வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பு சொன்னேனா? எண்பதுக்குப் பக்கம் வரும். இந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டை. மத்தியானச் சாப்பாடு தகரத்துச் சாளையும் பச்சை வெங்காயமும், தினமும் அதுதான். மனுசன் பழைய பெற்றோல் பம்ப் சேர்க்கிறார். முத்திரை சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பழைய காசு சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருடைய கராஜுக்குள் ஆளுயரப் பம்ப் பதினொன்று நிற்கின்றன. கார் வெளியே பனியில் நனைகிறது.

வந்த புதிதில் ஒரு இரவு பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வருகிறேன். அவருடைய கராஜ் கதவு பாதி திறந்திருக்க, உள்ளே உயரத்தில் வட்டமாக ஒரு வெள்ளை வெளிச்சம். தெரு முழுக்க இருட்டு. எனக்கு ஒரு கணம் நம் கோயில் வீதி ஞாபகம் வந்துவிட்டது, நின்றுவிட்டேன். அது பம்பின் தலையில் வைக்கிற கண்ணாடி உருண்டை. அந்தக் காலத்தில் இரவில் வருகிற காருக்குத் தூரத்திலேயே தெரிய உள்ளே பல்ப் போட்டு எரிய விடுவார்களாம். நான் நிற்பதைப் பார்த்து உள்ளே வரச் சொன்னார். அன்று தொடங்கியது. இப்போது லீவு நாட்களில் அவருக்குத் துரு உரசிக் கொடுக்கிறேன். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கிறது என்பதால் முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். மணித்தியாலத்துக்கு ஏதோ தருகிறார். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இந்த ஊருக்கும் எண்ணெய்க்கும் பழைய உறவு இருக்கிறது. இங்கிருந்து மேற்கே போனால் ஒயில் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்னக் கிராமம். 1858இல் அங்கேதான் வியாபாரத்துக்காக எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். பக்கத்தில் பெற்றோலியா என்றே ஓர் ஊர். சுப்பர்டெஸ்ட், வைட் ரோஸ், ரெட் இந்தியன், பி.ஏ. என்று அன்றிருந்த கொம்பனிகளின் பெயர்களைக் கிழவர் செத்துப்போன கூட்டாளிகளின் பெயர் மாதிரிச் சொல்வார். எல்லாவற்றையும் பெரிய கொம்பனிகள் விழுங்கிவிட்டன. தகரப் பலகையும் பம்பும்தான் மிச்சம்.

அவரிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது 1920களின் கண்ணாடிப் பம்ப். இரும்புத் தூண், அதன் மேல் மனுசன் எட்டமுடியாத உயரத்தில் பெரிய கண்ணாடிச் சாடி, பத்துக் கலன் பிடிக்கும். பக்கத்தில் நீளமான ஒரு பிடி. அதை முன்னும் பின்னும் ஆட்டினால் நிலத்துக்குக் கீழே இருக்கிற தாங்கியிலிருந்து பெற்றோல் மேலே ஏறிச் சாடியை நிரப்பும். சாடிக்குள் வரிசையாக இலக்கத் தகடு. காரை நிறுத்தினவர் எத்தனை கலன் என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சரி என்பார். பிறகு குழாயைத் திறந்தால் தன்பாட்டில் இறங்கிக் காருக்குள் போகும். அதற்கு முன்னிருந்த பம்பில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, கடைக்காரன் சொன்னதுதான் அளவு. சனம் நம்பவில்லை. அதனால் கண்ணாடி வந்தது. பிறகு 1920களின் கடைசியில் மீற்றர் வந்ததும் கண்ணாடி போய், மணிக்கூடு மாதிரி முகமும் முள்ளும் உள்ள பம்ப் வந்தது. 1930களில் விலையையும் தானே கணக்குப் போட்டுக் காட்டுகிற பம்ப். சங்கக்கடை அளவு நம் ஊரில் மட்டும்தான் சண்டைக்குக் காரணம் என்று நினைத்திருந்தேன்.

2022இல் நீங்கள் எல்லோரும் பெற்றோல் செட்டில் நாள் கணக்கில் வரிசையில் நின்றதைச் சொன்னேன். கிழவர் தலையை ஆட்டிவிட்டு அமெரிக்கக் கதை ஒன்று சொன்னார். 1979இல் அங்கே ஒரு கலன் ஒரு டொலரைத் தாண்டியபோது, பழைய பம்பின் விலைச்சக்கரம் அதற்கு மேல் ஏறவில்லையாம். பாதி விலையை வைத்து ஓட்டிவிட்டு இரண்டால் பெருக்கிக் காசு வாங்கினார்களாம். ஒரு டொலருக்கு மேல் போகும் என்று செய்தவன் நினைக்கவே இல்லை.

அக்கா, நாம் தண்ணி பவுசர், எண்ணெய் பவுசர் என்கிறோமே, அது ஒரு மனுசனின் பெயர் என்று தெரியுமா? சில்வேனஸ் பவுசர். அமெரிக்காவில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊர்க்காரர். 1885இல் அங்கே ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு முதல் பம்பைச் செய்து விற்றார். பெற்றோலுக்கு இல்லை, மண்ணெண்ணெய்க்கு. கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒழுகி, பக்கத்தில் வைத்திருந்த வெண்ணெயில் மணம் ஏறிவிட்டதென்று கதை. கார் வந்தபிறகுதான் அந்தப் பம்ப் பெற்றோலுக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் இன்றும் பெற்றோல் பம்புக்கே பவுசர் என்று பெயர். நம் ஊரில் அந்தப் பெயர் லொறிக்கு ஏறிவிட்டது.

கிழவர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சீனியில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று பெரியம்மா பையோடு கொண்டுவந்து அப்பாவின் கடையில் கொட்டிவிட்டுப் போனா அல்லவா? அதற்குப் பிறகுதானே அப்பா மெசினைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் முருங்கையடியில் நட்டார்.

துரு ஏறிய இரும்புச் சாமானைக் கிழவர் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் ஊறப்போடுவார். போன மாதம் ஒருநாள், ‘அந்த மூடியைத் திற’ என்றார். திறந்தேன். அப்பாவின் சாரம், அப்பாவின் கை, விளக்குத் திரி, கரண்ட் இல்லாத அந்த வருசங்கள், போத்தலோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள், எல்லாம் தகரத்துக்குள்ளிருந்து வந்தன. பிடியை அப்பா முழுக்கக் கிளப்பினால் முழு அளவு, பாதித் தட்டில் நிறுத்தினால் பாதி. நிறுத்தும் இடத்தில் டக் என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுத்தான் அம்மா அடுப்படியில் இருந்தபடியே எத்தனை போத்தல் விற்றது என்று எண்ணுவா. நான் கையைத் தகரத்துக்குள் விட்டபடியே நின்றேன். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

அப்போது அவரிடம் நம் மெசினைப் பற்றிச் சொன்னேன். ஆள் எழும்பிவிட்டார். படம் இருக்கிறதா, உயரம் என்ன, பெயர்த்தகடு இருக்கிறதா என்று ஒரே கேள்வி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருசம் அதைச் சுற்றி விளையாடிய எனக்கு அதன் பெயர் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. ஆகவே உங்களுக்கு ஒரு வேலை, கோபிக்க வேண்டாம்.

உயரத்தை அளந்து எழுதுங்கள். கால்மாட்டில், மண் மூடியிருக்கிற பக்கத்தில், ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கக்கூடும். அதில் கொம்பனிப் பெயரும் தொடர் இலக்கமும் இருக்கும். தகடு இல்லாவிட்டால் வார்ப்பு இரும்பிலேயே, கதவின் உட்பக்கத்திலும் பிடியின் அடியிலும், எழுத்தோ இலக்கமோ புடைத்திருக்கும். கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். திருகாணிகளையும் பாருங்கள். ஒற்றைக் கீறல் என்றால் நல்லது. சிலுவை மாதிரிக் கீறல் உள்ள திருகாணி 1930களில்தான் வந்தது. பழைய பம்பில் அது இருந்தால் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்பா கை வைத்திருப்பார், அதைக் கிழவருக்கு நான் விளங்கப்படுத்துகிறேன்.

அப்பா அடித்த பச்சை வர்ணத்துக்குக் கீழே என்ன நிறம் என்று ஒரு ஓரத்தில் நகத்தளவு சுரண்டிப் பார்க்கச் சொல்கிறார். அதிகம் வேண்டாம். ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒரு நிறம். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்குமாம். நம் நாட்டில் 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வருவதற்கு முன் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ எல்லாம் இருந்தனவே, அடியில் அவர்களுடைய நிறம் வந்தால் அப்பப்பா எந்தச் செட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தார் என்பதற்கு ஒரு வழி கிடைக்கும். மூத்த மாமாவிடம் கேட்டால் தெரியும். ஆனால் வேலிச் சண்டைக்குப் பிறகு நீங்கள் அவரோடு கதைக்கிறீர்களா என்று எழுதவில்லை. இதைச் சாட்டாக வைத்தாவது போய்க் கதையுங்கள். ஒரு முழ நிலத்துக்கு இத்தனை வருசப் பகையா?

சின்னவளின் வீட்டு வேலை நிற்கக்கூடாது, அதில் எனக்கு வேறு பேச்சில்லை. உங்களுக்கு அம்மா வீட்டைத் தந்தது போல அவளுக்கும் ஒரு வீடு வேண்டும், அது இல்லாமல் கலியாணம் பேசப் போக முடியாது. பங்குனியில் கல் வையுங்கள். சீமெந்துக் காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். அத்தான் கடையில் சொல்லி முதல் ஐம்பது பையைக் கடனாக எடுத்து வைத்தால் சித்திரைக்குள் நான் அனுப்பிவிடுவேன். அம்மாவின் கண் கிளினிக் திகதியைத் தள்ளிப்போட வேண்டாம். அவவுக்குப் பயம் என்றால் குஞ்சம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அவ தைரியமான ஆள்.

மெசினை நாலு பேர் சேர்ந்து, தென்னங்குற்றி போட்டு, நிமிர்த்தியபடியே உங்கள் குசினிப் பின்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். 78 சூறாவளியில் கொட்டில் பறந்தும் அது மட்டும் அசையாமல் நின்றது என்று அப்பா சொல்வார், ஆகவே பாரத்துக்கு ஆயத்தமாக வரச் சொல்லுங்கள். தூரத்தில் இருந்துகொண்டு கட்டளை போடுவது எனக்குச் சுலபம்தான். இரும்புக்காரர் திரும்பி வந்தால், தம்பி வந்து பார்க்கட்டும் என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். எப்போது வருவான் என்று கேட்பார். ஏதாவது சொல்லுங்கள்.

அப்படியும் வீட்டுக்குக் காசு போதாமல் விற்கத்தான் வேண்டும் என்றால், பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். பிடி இல்லாவிட்டால் சேர்க்கிறவர்களுக்கு மதிப்புக் குறையும் என்று கிழவர் சொல்வார், சொல்லட்டும். அந்த மரப்பிடி நடுவில் தேய்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். அது அப்பாவின் உள்ளங்கை.

பிள்ளைகளுக்கு முத்தம். சின்னவனுக்கு அனுப்பிய சப்பாத்து அளவாக இருந்ததா? அத்தானுக்கு என் அன்பு.

உங்கள் அன்புத் தம்பி

பி.கு: தகடு கிடைத்தால் மண்ணை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். அம்மா கண்டால் உடனே குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிடுவா. வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்த்தால் எழுத்துப் போய்விடும்.