பொறுமை இல்லாதது யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மூளையும் பொறுமையும் பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். இன்றைக்கே கிடைக்கும் நூறு ரூபாயா, அடுத்த மாதம் கிடைக்கப்போகும் நூற்றைம்பதா என்று கேட்டால் யார் எதை எடுப்பார்கள், அதில் அவரவர் சுபாவத்துக்கு என்ன பங்கு என்று நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார் கட்டுரையாளர். ஆனால் கடைசிப் பத்தியில், "ஏழைகள் பலர் ஏழைகளாகவே இருந்துவிடுவதற்குக் காரணம், காத்திருக்கப் பழகாத அவர்களது மூளைதான்" என்று எழுதிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சத்துணவில் முட்டை வைக்கிற நாளில் தட்டோடு வந்து உட்காரக்கூட மாட்டான். நின்றபடியே முழு முட்டையையும் வாயில் திணித்துக்கொண்டு, "உட்கார்ந்து சாப்பிடுடா" என்றால் கன்னம் உப்பத் தலையாட்டுவான். தங்கள் கட்டுரையோடு வந்த, தின்பண்டத்தை முன்னால் வைத்துப் பிள்ளை காத்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடச் சொன்ன 'உங்கள் பிள்ளை எந்த வகை' என்ற பெட்டியின்படி பார்த்தால் அவனுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. அது 2003, 2004 தண்ணீர்ப் பஞ்ச காலம். குழாயில் சொட்டு இல்லை. அதே பையன் விடிவதற்கு முன்பே எழுந்துபோய், அம்மாவின் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு லாரிக்காகக் காத்து நிற்பான். லாரி எப்போது வரும், வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. இடத்தை விட்டு நகர்ந்தால் குடம் பின்னால் போய்விடும். ஈர டிராயரோடு வகுப்புக்கு வந்து பெஞ்சிலேயே தூங்கிப்போவான். பொறுமை இல்லாதவனா அவன்? முட்டையை ஏன் அப்படி விழுங்குகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "அப்புறம் சாப்பிடலாம்னு வெச்சா பெரிய பசங்க எடுத்துக்குவாங்க டீச்சர்" என்றான். சொன்னபடி லாரி என்றாவது வந்தது. சொன்னபடி முட்டை அவனுக்கு மிஞ்சியதே இல்லை. அவன் கணக்குச் சரியாகத்தான் போட்டான்.

இது ஏதோ கிழவி சொல்லும் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2013-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவினரும் 28 குழந்தைகளை வைத்து இதையே பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம் "கொஞ்சம் இரு, நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பிள்ளைகளிடம் அதையே சொல்லிவிட்டு, "இல்லையே கண்ணு" என்று கையை விரித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு மிட்டாயை முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்றும் உண்டு என்று சொன்னது. வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் காத்திருந்தது ஒரே ஒரு பிள்ளை. அரைமணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளைகளின் மூளை மாறிவிட்டதா என்ன?

உளவியல் அறிஞர் வால்டர் மிஷெல் முதலில் செய்த இதே மிட்டாய்ச் சோதனையைக் கட்டுரையாளர் பெரிதாகச் சொல்லியிருந்தார். 1960-களின் கடைசியில் அது தொடங்கியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில். அங்கே படித்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அதன் பிறகு 2018-ல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அதைத் திரும்பச் சோதித்ததை ஏன் சொல்லவில்லை? நாலரை வயதில் காத்திருந்ததற்கும் பதினைந்து வயதில் படிப்பில் நன்றாக இருப்பதற்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் சொன்னதில் பாதிதான் வந்தது. குடும்பச் சூழ்நிலையையும் சின்ன வயதுத் திறமையையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

நம் ஊர் விஷயத்தையாவது சேர்த்திருக்கலாம். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்தது. வெட்டுக்கு முன்பு கையில் காசில்லாத காலத்தில் ஒருமுறை, வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறை, அதே ஆட்களுக்கே யோசிக்கும் திறனைப் பார்க்கும் சோதனை வைத்தார்கள். பணமுடை இருந்தபோது தடுமாறியவர்கள் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். அப்படியானால் கவலைதான் புத்தியை மழுக்குகிறது. தங்கள் கட்டுரை இதைத் தலைகீழாக்கி, மழுங்கிய புத்திதான் வறுமையைக் கொண்டுவருகிறது என்கிறது.

சுபாவம் என்று ஒன்று கிடையாது என்று நான் சொல்லவில்லை. உடனே கிடைக்கும் பரிசு என்றதும் மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் போன்ற பகுதிகள் துள்ளும், முன்பகுதி நிதானமாகக் கணக்குப் போடும் என்று 2004-ல் மக்ளூர் குழுவினர் ஸ்கேன் எடுத்துச் சொன்னதைக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 2007-ல் கேபிள், கிளிம்சர் இருவரும் அதை மறுத்து, ஒரே பகுதிகள்தான் இன்றைய பரிசையும் நாளைய பரிசையும் அவரவர் கொடுக்கும் மதிப்புக்கேற்ப எடைபோடுகின்றன என்று காட்டியதை விட்டுவிட்டார். கலகலப்பானவர்கள் மனம் சந்தோஷமாக இருக்கும்போது உடனடிப் பரிசின் பக்கம் சாய்வார்கள் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. என் தங்கை அப்படியே. 1990-களில் அம்மா வீடு விற்று ஆளுக்கொரு பங்கு வந்தபோது அவள் அந்த வாரமே தங்க வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் நிதானமானவள். எங்கள் பகுதியில் ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று வருட டெபாசிட் போட்டேன். முதிர்வு தேதி வருவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். 1997-ல் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, என் பணம் வரவில்லை. தங்கை மகனுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டியது அந்த வளையலை அடகு வைத்துத்தான். எங்கள் இருவரில் யாருடைய மூளை கோளாறு என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்தபோதும் தங்கள் பத்திரிகையில் ஒருவர், ஆயிரம் ரூபாய் கைக்கு வந்த அன்றே கரைந்துவிடும் என்று எழுதினார். எங்கள் தெருவில் அந்த ஆயிரத்தை மாதாமாதம் தீபாவளிச் சீட்டுக்குக் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். அப்போதும் ஒரு கடிதம் போட்டேன், வெளியாகவில்லை. சரி, இடம் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இந்த முறை பொறுமை பற்றிய கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு, முன்பணம் இல்லாமல் இன்றே டிவி எடுத்துப்போகலாம் என்று தவணை விளம்பரம். பத்திரிகைக்கு விளம்பரம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அவசரப்படு என்று அந்தப் பக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, அவசரப்பட்டவனை இந்தப் பக்கத்தில் குறை சொன்னால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்தப் பெட்டிதான். கீழ்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் நாலு வயது மகன் முன்னால் கடலைமிட்டாயை வைத்துவிட்டு சமையலறைக்குள் போய் நின்றிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் அவன் சாப்பிட்டுவிட்டான். இவன் வாழ்க்கையில் உருப்படுவானா டீச்சர் என்று என்னிடம் வந்து கண்கலங்கினாள். எத்தனை வீட்டில் இது நடந்திருக்குமோ.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில், 2013, 2018 ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நாலு வரி போடுங்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை எடைபோட வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள். என் கடிதத்தைச் சுருக்கிப் போட்டாலும் பரவாயில்லை, முட்டை சாப்பிட்ட பையனை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை