தடைக்காலத் திருமணங்களும் 90 நாள் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு வாழும் நம் கடற்கரைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் அங்கேயே பிள்ளை பெறும்போது படும் பாட்டைப் பற்றியும், அதில் பெரும்பகுதி இங்கே ஆலயத்தில் நடந்த திருமணத்தை அரசிடம் பதியாமல் விடும்போதே தொடங்கிவிடுகிறது என்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என் மகள் ஷார்ஜாவில் செவிலியர்; மருமகனுக்கும் அதே ஊரில்தான் வேலை. இருவரும் அவரவர் வேலை விசாவிலேயே சென்றவர்கள் என்பதால், தங்களுக்குத் திருமணம் நடந்ததற்கான சான்றை யாரிடமும் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஏற்படவில்லை.

மகள் கருவுற்ற ஐந்தாம் மாதத்தில்தான், பிரசவத்துக்குப் பெயர் பதியும்போது, மருத்துவமனையில் தூதரக முத்திரையுடன் கூடிய திருமணச் சான்றைக் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது பங்குத்தந்தை கையெழுத்திட்டு ஆலய முத்திரை குத்திக் கொடுத்த சான்று மட்டுமே. ஒரு நாட்டின் சான்றை மற்ற நாடுகள் ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டாலும், ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லாததால், மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் முத்திரை பெற வேண்டும். முதல் படியிலேயே, அரசுப் பதிவு இல்லாத தாளை வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தச் சான்று இல்லாவிட்டால் அங்கே குழந்தையின் பிறப்பைப் பதிவதில் சிக்கல். பிறப்புச் சான்று இல்லாமல் இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாமல் குழந்தைக்குக் குடியிருப்பு விசா இல்லை. அந்த விசாவைப் பிறந்த 120 நாட்களுக்குள் எடுக்காவிட்டால் நாள் கணக்கில் அபராதம். அமீரகத்தில் பிறந்ததாலேயே அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது என்பதால், இந்தத் தாள்கள்தாம் பிள்ளைக்கு எல்லாம்.

சரி, ஆலயத்திலிருந்து சென்னையில் உள்ள பதிவுத்துறைக்குப் போன திருமண விவரத்தின் நகலை எடுத்துவிடலாம் என்று நானும் என் கணவரும் அலைந்தபோது இரண்டாவது முடிச்சு வெளிப்பட்டது. மருமகனின் ஞானஸ்நானப் பெயர் சூசை. ஆலயப் பதிவேட்டில் திருமணத்தையும் அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். பள்ளிச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் அவர் ஜோசப். நமக்குச் சூசையப்பரும் ஜோசப்பும் ஒருவரே. இராயப்பரைப் பீட்டர் என்றும், சின்னப்பரைப் பால் என்றும், அருளப்பரை ஜான் என்றும் மாற்றிச் சொல்ல ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் சிறுபிள்ளைக்கும் தெரியும். மேசைக்கு அப்பால் இருந்த அலுவலரோ பதிவேட்டு நகலைப் பார்த்துவிட்டு, கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஜோசப்புக்குத்தான் கல்யாணம் ஆனதாகவே இல்லையே, அம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்குச் சாட்சி தேடி, எல்லா முத்திரைகளும் விழுந்து தாள் ஷார்ஜா போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

சட்டத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கத்தோலிக்க ஆலயத்தில் நடக்கும் திருமணங்களின் விவரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசின் பதிவுத்துறைக்குப் போக வேண்டும். எந்தச் சமயத்தவராயினும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் கோயிலில் மோதிரம் மாற்றி, பதிவேட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு இன்னும் ஒரு பதிவு எதற்கு என்பதே எங்கள் கடற்கரையில் பொதுவான எண்ணம். நானும் அப்படித்தான் இருந்தேன். பேறுகாலம் பார்க்கப் புறப்பட்டபோது, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பால் ஊறச் சுறாப் புட்டுக்கு அங்கே நல்ல பால்சுறா கிடைக்குமோ என்று ஒரு மாதமாக விசாரித்தேன்; சாயல்குடிக் கருப்பட்டியையும் பிரசவ மருந்துப் பொடியையும் பூண்டையும் வாசம் வெளியே வராதபடி மூன்று உறைகளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாத குறை தெரியக்கூடாது என்று இவ்வளவு பார்த்த நான், மகளின் திருமணத்தன்று சார்பதிவாளர் அலுவலகத்தைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

ஆலயச் சான்று வேண்டாத தாள் என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஷார்ஜா புனித மிக்கேல் ஆலயத்தை அணுகியபோது அங்கே கேட்டது பெற்றோரின் ஆலயத் திருமணச் சான்றைத்தான். ஓரியூர்த் திருத்தலத்தில் நேர்ந்துகொண்டபடி அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) பெயரையே பிள்ளைக்கு வைத்தோம். ஞானஸ்நானம் நடந்த ஆலயத்தின் பதிவேட்டில்தான் அந்தப் பதிவு நிலைக்கும் என்பதால், நாளை அவன் நம் ஊர்ப் பெண்ணையே மணந்தாலும் ஞானஸ்நானச் சான்றின் புதிய நகலை ஷார்ஜாவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். வெளிநாட்டில் ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் பதிவேட்டு எண்ணையும் நாளையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிறப்புச் சான்றிலும் கவனம் வேண்டும். அரபியில் 'ப' ஒலிக்கு ஓர் எழுத்துதான். நம் தமிழிலும் அப்படியே. பீட்டரில் வரும் வல்லோசைக்கும் பிரிட்டோவில் வரும் மெல்லோசைக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்து உண்டு. அரபிவழி ஆங்கிலத்துக்குப் போகும் பெயர் அங்கேதான் தடம் மாறுகிறது. கையெழுத்திடும் முன் ஒவ்வொரு எழுத்தையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 3-ஆம் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளின் பிறப்பை, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் இந்தியக் குடியுரிமை சிக்கலின்றி நிலைக்கும் என்பதையும் பலர் அறியாதிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்களில் தவக்காலத்தில் திருமணம் வைப்பதில்லை. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்ததும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், ஆண்கள் கரையில் இருக்கும்போதுதான் பெரும்பாலான திருமணங்கள் நடக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளும் அதை ஒட்டியே விடுப்பில் வருகிறார்கள். தடை நீங்கியதும் ஒருவர் விசைப்படகில் ஏறுகிறார், இன்னொருவர் விமானத்தில் ஏறுகிறார். 90 நாள் கணக்கைப் பார்க்கக் கரையில் ஆள் இல்லை. ஆகவே, பாம்பன் தொடங்கி மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் வாரத்தில் பதிவுத்துறை ஒரு நாள் சிறப்பு முகாம் நடத்தித் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். பங்குத்தந்தையர்கள் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து மணமக்களின் பெயரை அறிவிக்கும்போதே மணமக்களின் கடவுச்சீட்டையோ ஆதாரையோ வாங்கிப் பார்த்து, ஞானஸ்நானப் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் பதிவேட்டில் எழுதினால், சூசையையும் ஜோசப்பையும் சேர்த்து வைக்கப் பெற்றோர் சென்னைக்கு அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.