சிலையும் கொடியும் நம்பிக்கையாகும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கர்நாடகம் உருவான நாளான நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவம் வந்தால் எங்கள் அல்சூர் ஆட்டோ ஸ்டாண்டில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏறும். கன்னடத் தாயாக வணங்கும் புவனேஸ்வரியின் படத்துக்கு மாலை, தேங்காய், கற்பூரம். அப்புறம் தொன்னையில் கேசரி பாத். எந்த மதத்து ஓட்டுநரானாலும் அந்த வரிசையில் கைகட்டி நிற்கிறார். தை 2-ஆம் நாள் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிடம் நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாலையோடு போகிறோம்.

அரசுக்கு ஒரு குடிமைச் சமயம், அதாவது குடிமக்களைப் பிணைக்கும் ஒரு பொது நம்பிக்கை, வேண்டும் என்று 1762-லேயே தத்துவ அறிஞர் ரூசோ எழுதினார். அமெரிக்காவில் அப்படி ஒன்று தேவாலயங்களுக்குப் பக்கத்திலேயே தனியாக வாழ்கிறது என்று 1967-இல் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா காட்டினார். அதிபர்களின் பதவியேற்பு உரைகளும் போர் நினைவு நாள்களும் அவர் தந்த சான்றுகள். ஆனால் எங்கள் தெருவில் வளர்வதை எந்த அரசும் வகுத்துத் தரவில்லை. ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கூடிக் கூடி மக்களே உண்டாக்கியது அது. அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம்.

அந்தப் பலம் மோதவும் செய்யும். 1991-இல் வைத்த இதே வள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரையும் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரையும் சில நாள் இடைவெளியில் திறந்தார்கள். அந்த நல்ல தொடக்கத்தை நாம் அப்படியே விட்டுவிட்டோம் என்பதே என் ஆதங்கம். தமிழ்ச் சங்கங்கள் தை 2 அன்று சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல்களையும் மேடையேற்றட்டும். ராஜ்யோத்சவ விழாக்களில் நம் பிள்ளைகள் குறளைக் கன்னடத்தில் சொல்லட்டும். வரும் தையிலேயே இதைத் தொடங்கலாம்.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு