முந்தின வரிய ஏன் சார் விட்டீங்க?

(செப்டம்பர் 2019)

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐன்ஸ்டீன் புவியீர்ப்பு விசைய கண்டுபிடிச்சார்னு மத்திய அமைச்சர் பியூஷ் கோயல் வாய் தவறிச் சொன்னத உங்க பேப்பர்ல கட்டம் கட்டி போட்டிருந்தீங்க. படிச்சோம், சிரிச்சோம். நியூட்டன் பேர மாத்திச் சொன்னதுல நாட்டுக்கு என்ன சார் நஷ்டம்? அதுக்கு முந்தின வரிய ஏன் கண்டுக்காம விட்டீங்க? அரசாங்கம் சொல்ற 5 ட்ரில்லியன் டாலர் பொருளாதாரம் ஆகணும்னா வருஷம் 12 சதவீதம் வளரணும், இப்ப 6தான் வருதுன்னு டிவியில காட்டுற கணக்குக்குள்ள எல்லாம் போகாதீங்கன்னாரே, அது வாய் தவறினதில்ல. சொன்னவர் சிஏ படிச்சவர். 6 கூட இல்ல, ஏப்ரல்-ஜூன்ல 5தான்னு அவங்க அரசாங்கமே சொல்லிருச்சு.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வச்சிருக்கேன், வண்டி பார்ட்ஸ் செய்யறவங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது அவங்க குடுக்குற பொருள்ல கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கறது. கணக்கு பாக்காதீங்கன்னு எங்ககிட்ட யாரும் சொன்னதில்ல. மாசாமாசம் தாக்கல் பண்ற ஜிஎஸ்டி கணக்கு, அந்த 3பி படிவம் லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபான்னு ஜிஎஸ்டி போர்ட்டல் தானா போட்டுக்கும். பில்லுக்கு பணம் மூணு மாசம் கழிச்சு வரும், வராமலும் போகும், ஆனா 18 சதவீத ஜிஎஸ்டி வரிய அடுத்த மாசமே கைக்காசப் போட்டு கட்டிடணும். 2016ல நோட்டு செல்லாதுன்னப்போ 50 நாள் பொறுத்துக்கச் சொன்னாங்க, கூலி குடுக்க காசில்லாம பொறுத்தோம், கடைசியில 99 சதவீதத்துக்கு மேல நோட்டு திரும்பி வந்துருச்சுன்னு ரிசர்வ் பேங்கே சொல்லுச்சு, அந்தக் கணக்கையும் யாரும் பாக்கல.

இப்ப ஆகஸ்ட்ல கார் விற்பனை 30 சதவீதத்துக்கு மேல விழுந்திருக்கு. போன வாரம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னைக்கே வந்து, இளைஞர்கள் ஓலா, ஊபர்ல போறதும் ஒரு காரணம்னு சொல்லிட்டுப் போனாங்க. சரிங்கம்மா, லாரியும்தானே விக்கல, ஓலாவுல யாரு சரக்கு ஏத்துறா? நைட் ஷிப்ட நிறுத்தியாச்சு. ஒடிசா பசங்கள ஊருக்கு அனுப்பிட்டேன், எப்ப கூப்பிடுவீங்க அண்ணேன்னு போன் பண்றானுங்க, நான் என்னத்த சொல்றது.

உங்களுக்கு தெரியாததில்ல, வர்ற 20ஆம் தேதி கோவாவுல, வரி எவ்வளவுன்னு முடிவு பண்ற ஜிஎஸ்டி கவுன்சில் கூடுது (அன்னைக்குத்தான் எங்களுக்கு 3பி கடைசி நாளும்). இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கு இந்த 18 சதவீதத்த குறைக்கணும்னு உள்பக்கத்துல ரெண்டு பத்தி எழுதுங்க. 20க்கு முன்னாடி வந்தா நல்லது.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகன்,
அம்பத்தூர்